ஒரு வெடி அதிகம்

மேட்டுக்கேரி,
நாபோக்லு அஞ்சல், குடகு.
4 டிசம்பர் 1971

உத்தய்யாவுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். ஊரைக் கூட்டி ஒப்பாரி வைக்கச் செய்துவிட்டு, மறுநாள் காலை பன்றிக்கறியும் கடம்புட்டும் மூக்கு முட்டத் தின்றுவிட்டுப் பஸ் ஏறினவனுக்கு என்ன குறைச்சல்? நான்தான் பரிமாறினேன். வந்தவனைப் பட்டினியாக அனுப்பும் வழக்கம் இந்த வீட்டில் இல்லை. அதனால் கோபம் தீர்ந்தது என்று நினைத்துவிடாதே.

புத்தரித் திருநாளுக்குப் புதுக் கதிர் அறுக்க வீட்டில் ஆண் இல்லை என்றுதான் உன்னைக் கூப்பிட்டேன். அவர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. பிள்ளை பட்டாளத்தில் இருக்கிறான். தாய்மாமன் வந்து நின்றால் போதும் என்று நினைத்தேன். நீ வந்தது எப்போது? ஊரே கதிர் அறுத்து, வெடி போட்டு, வீடு திரும்பித் தம்பிட்டு தின்ன உட்கார்ந்த பிறகு. கேட்டால் பஸ் மர லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது என்றாய். போகட்டும். நேரம் தப்பினாலும் கதிரை அறுத்தாய். “பொலி பொலி தேவா” என்று தொண்டை கிழியக் கத்தினாய். வெடியும் போட்டாய். அந்த ஒரு வெடியோடு நிறுத்தியிருக்கக் கூடாதா?

ஆண் பிள்ளை பிறந்தால் ஒரு வெடி. கதிர் அறுத்தால் ஒரு வெடி. வீட்டில் சாவு என்றால் அடுத்தடுத்து இரண்டு. கொடவ வீட்டுத் தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கும் இது தெரியும். ஊர் அடங்கின நேரத்தில், பட்டாளத்தில் பிள்ளை இருக்கிற வீட்டு வயலில் நின்றுகொண்டு, படார் படார் என்று இரண்டு சுட்டாயே, உன் தலையில் என்னதான் வைத்திருக்கிறாய்?

முதலில் ஓடிவந்தது பெரிய வீட்டு முத்தவ்வா. வரும்போதே மார்பில் அடித்துக்கொண்டு வந்தாள். நான் தம்பிட்டுத் தட்டோடு வாசலில் நிற்கிறேன். என்னைக் கட்டிக்கொண்டு, “ஐயோ பெள்ளி, போயிட்டியாடா என் கொழுந்தே!” என்று ஆரம்பித்தாள். “யாருக்குக்கா அழறீங்க?” என்றேன். “உன் மகனுக்குத்தான்டி, வேற யாருக்கு?” என்றாள். அதற்குள் பதினைந்து இருபது பேர் முற்றத்தில் கூடிவிட்டார்கள். உயிரோடு இருக்கும் பிள்ளைக்கு ஒப்பாரி கேட்ட தாய் இந்த நாட்டிலேயே நான் ஒருத்திதான் இருப்பேன்.

“ஏண்டா ரெண்டு சுட்டே?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். “கை தவறிருச்சு அக்கய்யா” என்று இளித்தாய்.

நேற்று சாயங்காலம் போர் தொடங்கிவிட்டதாம். போஸ்ட் மாஸ்டர் சொன்னார். என் பிள்ளை கிழக்கு எல்லையில் நிற்கிறான். இனி இந்த வாசலை மிதிக்காதே.

தேச்சம்மா

*

சித்தாபுரம் எஸ்டேட்,
7 டிசம்பர் 1971

அன்புள்ள அக்கய்யா,

உன் கடிதத்தைப் படித்தேன். அதில் இருக்கிற ஒவ்வொரு அடியும் எனக்கு உரியதுதான், வாங்கிக்கொள்கிறேன். கை தவறிவிட்டது. இரட்டைக் குழல் துப்பாக்கி, விரல் நழுவிவிட்டது.

ஆனால் ஒன்று சொல்வேன், கோபப்படாதே. வெடிச் சத்தத்தில் ஆள் செத்துப்போவதாக இருந்தால், நான் இந்த எஸ்டேட்டில் சுட்ட சுடுதலுக்குச் சித்தாபுரமே காலியாகியிருக்கும். குரங்குகூட நான் சுட்டால் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போகிறது.

பெள்ளியப்பா பிறந்த அன்றைக்கும் நான்தானே சுட்டேன், மறந்துவிட்டாயா? ஆடி மாத மழை. மச்சான் கோணிகொப்பல் சந்தையில் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டார். மருத்துவச்சி உள்ளே இருந்து “ஆம்பிளப் புள்ள!” என்று கத்தினாள். நான் துப்பாக்கியை எடுத்து நீட்டினால் புஸ் என்று புகை வந்தது. மருந்து நனைந்துவிட்டது. மாற்றிப் போட்டேன். மறுபடி புஸ். மூன்றாவது தடவைதான் வெடித்தது. கீழ் வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, “என்னய்யா, ஒரு புள்ளைக்கு இவ்வளவு நேரமா? ரெட்டையோன்னு நெனச்சேன்” என்றார். நீ கட்டிலில் படுத்துக்கொண்டு சிரித்தது வெளியே எனக்குக் கேட்டது.

சுட்ட அந்த ஒன்றுக்கு அவன் இருபத்தொரு வருஷம் ஓடியாடி இருக்கிறான். காப்பிக் கிளையை வெட்டி ஹாக்கி மட்டை செய்து என் முழங்காலைப் பெயர்த்தானே, அவனையா ஒரு சத்தம் என்ன செய்துவிடும்? பதினோரு வயதில் காட்டுப்பன்றிக் குட்டியைக் கொண்டுவந்து வளர்த்தான். அவன் சித்தப்பா கல்யாணத்துக்கு அதை அறுக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் காட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு, வாங்கின அடிக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அந்த நெஞ்சு இருக்கிறவன் திரும்பி வருவான்.

துரை வீட்டு ரேடியோவை நான் விடாமல் கேட்கிறேன். கிழக்கே நம் ஆட்கள் முன்னேறுகிறார்கள். உனக்கு வேண்டாம் என்றால் எழுதவில்லை.

உன் தம்பி,
உத்தய்யா

*

மேட்டுக்கேரி,
10 டிசம்பர் 1971

உத்தய்யாவுக்கு,

கோபம் கோபம்தான். அதை ஒரு பக்கம் வை. ரேடியோவில் என்ன சொல்கிறார்கள் என்பதை ஒன்று விடாமல் எழுது. இங்கே ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். டாக்காவைப் பிடித்தாகிவிட்டது என்று மில்காரர் சொல்கிறார். இன்னும் பாதி வழிகூடப் போகவில்லை என்று போஸ்ட் மாஸ்டர் சொல்கிறார். இரண்டு பேருக்கும் அங்கே பிள்ளை இல்லை.

அவன் கடைசியாக எழுதியது நவம்பர் கடைசியில். கொசு பெரிதாக இருக்கிறதாம், பருப்பு தண்ணியாக இருக்கிறதாம். நான் கொடுத்தனுப்பின பன்றி ஊறுகாயை ஒளித்து வைத்துத் தின்கிறானாம். மோப்பம் பிடிக்காத ஆள் ஒருத்தன்கூடப் பட்டாளத்தில் இல்லையாம். கதிர் அறுக்க மாமா வருகிறாரா என்று கேட்டிருந்தான். அதற்கு நான் இன்னும் பதில் போடவில்லை. என்னவென்று போடுவது?

துப்பாக்கியை நெல் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். சாவி என் இடுப்பில் இருக்கிறது. அவனிடமிருந்து கடிதம் வரும்வரை இந்த வீட்டிலிருந்து ஒரு சத்தமும் கிளம்பக் கூடாது. இதைத் தெரிந்துகொண்ட மாதிரி இரண்டு நாளாகப் பன்றிகள் வயலில் இறங்கி உழுதுகொண்டிருக்கின்றன. தகர டப்பாவைத் தட்டிப் பார்க்கிறேன். என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி தோண்டுகின்றன. அவன் காட்டில் விட்ட குட்டியின் பேரப் பிள்ளைகளாக இருக்கும். தின்னட்டும்.

முத்தவ்வா என்னைப் பார்த்தால் வேறு பாதையில் போகிறாள். அழுத வாய்க்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை போலிருக்கிறது.

பதில் உடனே போடு.

தேச்சம்மா

*

சித்தாபுரம் எஸ்டேட்,
13 டிசம்பர் 1971

அன்புள்ள அக்கய்யா,

கேட்டதை எழுதுகிறேன். நம் ஆட்கள் ஆறுகளைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அந்த ஊரில் நாலு அடிக்கு ஒரு ஆறு, வாய்க்கால். பாலங்களை எல்லாம் எதிரி உடைத்துப் போட்டிருக்கிறான். ஆனாலும் நிற்காமல் போகிறார்கள். டாக்கா நெருங்கிவிட்டது. மில்காரர் சொன்னதும் பொய், போஸ்ட் மாஸ்டர் சொன்னதும் பொய். ரேடியோவில் பேர் சொல்வதில்லை அக்கய்யா. அதைத்தான் நீ கேட்கிறாய் என்று எனக்குத் தெரியும். இத்தனை டாங்கி, இத்தனை விமானம் என்கிறார்கள், ஆளைச் சொல்வதில்லை.

போன கடிதத்தில் நான் நிறைய வேடிக்கை பேசிவிட்டேன். உண்மையைச் சொல்லட்டுமா? எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. துரை ரேடியோவைத் திருப்பும்போது நான் எழுந்து நின்றுவிடுகிறேன். அவர் மனைவி, “உத்தய்யா, உக்காருங்க, நின்னுக்கிட்டே கேட்டா நல்ல சேதி வந்துருமா?” என்கிறாள். உட்கார முடியவில்லை.

பன்றி வயலைத் தின்பது நன்றாக இல்லை. நான் வேண்டுமானால் வருகிறேன். வாசலை மிதிக்கவில்லை, வயல் வழியாக வந்து வயல் வழியாகப் போகிறேன். ஒரே ஒரு தோட்டா போதும்.

உத்தய்யா

*

மேட்டுக்கேரி,
17 டிசம்பர் 1971

உத்தாவுக்கு,

போர் முடிந்துவிட்டது. உனக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும்.

நேற்று ராத்திரி இங்கே எல்லா வீட்டிலும் துப்பாக்கியை எடுத்துவிட்டார்கள். இந்தக் குன்றில் ஒன்று, அந்தக் குன்றில் இரண்டு, ஆற்றுக்கு அப்பால் நாலு. ஜெயித்த சந்தோஷம், யாரைத் தடுக்க முடியும்? முதலில் ஒன்று கேட்டது. அடுத்தது கேட்பதற்குள் நான் சமையல்கட்டுக்குள் ஓடி இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். பொத்தினாலும் நெஞ்சில் இடிக்கிறது. அப்புறம் எண்ண முடியாதபடி ஆகிவிட்டது. அது நல்லதாகப் போயிற்று.

எங்கள் வீட்டில் மட்டும் சுடவில்லை. பெரிய வீட்டுக்காரர் வந்து, “என்ன தேச்சம்மா, பட்டாளத்துக்காரன் வீடு, நீயே சுடாம இருந்தா எப்படி?” என்றார். “என் மகன் கடிதம் வரட்டும், சுடறேன்” என்றேன்.

பன்றிக்காக நீ வர வேண்டாம். கடிதம் வந்தால் வா. வந்ததும் சொல்லியனுப்புகிறேன். ஒரு வெடியை நீதான் போட வேண்டும், சாவியை உன் கையில் தருகிறேன். ஒன்றுதான். உன் விரலைக் கட்டியாவது ஒன்றோடு நிறுத்துவேன்.

பிப்ரவரியில் லீவு கிடைக்கும் என்று சொல்லியிருந்தான். பின்பக்கத்து ஓடு மாற்ற வேண்டும். அவன் வந்ததும் செய்துகொள்ளலாம் என்று ஓட்டுக்காரனிடம் சொல்லிவிட்டேன்.

அக்கா

*

சித்தாபுரம் எஸ்டேட்,
23 டிசம்பர் 1971

அக்கய்யா,

எழுதாதே என்று நேற்று முன்தினம் நீ சொல்லவில்லை. வராதே என்றுதான் சொன்னாய். அதனால் எழுதுகிறேன்.

தந்தி வந்த சேதியை பஸ் கண்டக்டர்தான் சொன்னான். போட்டிருந்த சட்டையோடு வந்தேன். நீ வாசற்படியில் குறுக்கே நின்றாய். நான் வீட்டுக்குள் நுழைய வரவில்லை. அவனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்ய வந்தேன். சாவியைக் கேட்டேன். நீ என்ன சொன்னாய் என்பதை ஊரே கேட்டது.

“அவனுக்கு நீ சுட்டாச்சு. அன்னைக்கே சுட்டாச்சு. போ.”

போய்விட்டேன். நான் அதற்குத் தகுந்தவன் என்றே வைத்துக்கொள்.

ஆனால் பெரியவர்கள் பஸ் நிற்கும் இடம் வரை என் பின்னால் வந்தார்கள். “உத்தய்யா, வெடி போடாம எப்படி துக்கத்துக்கு வர்றது? வராம எப்படி இருக்கறது? உன் அக்காகிட்ட சொல்லேன்” என்கிறார்கள். அவர்களுக்கு முற்றத்துக்குள் காலை வைக்கவும் தெரியவில்லை, திரும்பிப் போகவும் தெரியவில்லை. முத்தவ்வா வேலிக்கு வெளியே நின்று முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுகிறாள். சத்தம் வந்தால் நீ மறுபடி திட்டுவாய் என்று பயம்.

அவனை அங்கேயே எரித்துவிட்டார்கள். மண்ணுகூட நம் மண் இல்லை. நம்மால் கொடுக்க முடிந்தது அந்த இரண்டு வெடி மட்டும்தான். அவன் அப்பாவுக்குப் போட்டோம், நம் அப்பாவுக்குப் போட்டோம். கட்டிலில் கிடந்து இருமிச் செத்த கிழவனுக்கெல்லாம் போடுகிறோம். போரில் செத்த பிள்ளைக்குப் போடாமல் விடலாமா? நான் சுட வேண்டாம். என் முகத்தில் முழிக்க வேண்டாம். பெரிய வீட்டுக்காரர் சுடட்டும். சாவியை அவரிடம் கொடு. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

உத்தய்யா

*

மேட்டுக்கேரி,
26 டிசம்பர் 1971

ஒரு ஆளுக்கு மூன்றாவது, நாலாவது வெடி என்று எந்த ஊரில் வழக்கம்? எனக்கு எழுதாதே.

*

மேட்டுக்கேரி,
19 ஜனவரி 1972

தம்பி உத்தாவுக்கு,

நேற்று ஒரு பையன் வந்தான். பாகமண்டலம் பக்கத்துப் பூவய்யா. பெள்ளியோடு ஒரே பட்டாளம். இடது கை கட்டுப்போட்டுக் கழுத்தில் தொங்குகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து ஊருக்குப் போகிற வழியில், வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கே வந்திருக்கிறான். என்னைக் கண்டதும், பெள்ளி என்னைக் கூப்பிடுகிற மாதிரியே ‘அவ்வா’ என்று காலைத் தொட்டான். அப்புறம் என்ன பேசுவது என்று தெரியாமல், “ஊறுகாய் ரொம்ப நல்லா இருந்துச்சு அவ்வா, நாங்கதான் பாதியத் திருடித் தின்னோம்” என்றான். அக்கி ரொட்டி சுட்டுப் போட்டேன். ஒற்றைக் கையால் பிய்க்க வரவில்லை. நான் பிய்த்துக் கொடுத்தேன்.

ஒன்பதாம் தேதி காலையாம். இடுப்பளவு தண்ணீர் வாய்க்கால். இவனுக்குக் கையில் அடிபட்டதும் பெள்ளி தோளில் போட்டுக்கொண்டு கரைக்குக் கொண்டுவந்திருக்கிறான். கரையில் கிடத்திவிட்டு, தண்ணீரில் விட்ட துப்பாக்கியை எடுக்கத் திரும்பினானாம். துப்பாக்கியைத் தண்ணீரில் விடக் கூடாது என்று நம் வீட்டில் கற்றுக்கொண்டதுதானே. அங்கேதான் குண்டு பட்டது. வலியில்லாமல் போய்விட்டான் என்று இந்தப் பையன் சொல்கிறான். பொய்யாக இருக்கலாம், நான் கேட்டுக்கொண்டேன். நான் உனக்குப் பன்றியைப் பற்றி எழுதிய அன்றைக்கு அவன் இல்லை. விரலைக் கட்டுவேன் என்று எழுதிய அன்றைக்கும் இல்லை.

இவ்வளவும் கேட்டு நான் அழவில்லை. அதற்கு அப்புறம் அவன் சொன்னதற்குத்தான் அழுதேன்.

பூவய்யா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “புத்தரி அன்னைக்கு நாங்க ரெண்டு பேரும் குழிக்குள்ள உக்காந்திருந்தோம் அவ்வா. முழு நிலா. அவன் சொன்னான், ‘இப்ப எங்க வீட்ல ரெண்டு வெடி போட்டிருப்பாங்கடா. ஒண்ணு கதிருக்கு, ஒண்ணு எனக்கு. மாமாகிட்ட பஸ் ஸ்டாண்டுல சொல்லிட்டு வந்திருக்கேன், நான் இல்லாத புத்தரியில என் பங்குக்கு ஒண்ணு போடணும்னு. அவ்வாகிட்ட சொல்லாதீங்கன்னுட்டேன். வழக்கமா ஒண்ணுதானே? ஒண்ணு அதிகமாக் கேட்டா அது நான்தான்னு அவளே கண்டுபிடிச்சிருவா.’ நீங்க கண்டுபிடிச்சீங்களா அவ்வா?”

என்னைப் பார்த்துக் கேட்டான் உத்தா. நான் என்ன சொல்வேன்?

“கண்டுபிடிச்சேன்” என்றேன்.

அந்தப் பையனுக்கு அவ்வளவு சந்தோஷம்.

இருபத்தொரு வயதுப் பிள்ளைக்கு, இரண்டு என்றால் என்ன என்பது தோன்றவேயில்லை. அவன் ஒன்றும் ஒன்றும் என்று எண்ணியிருக்கிறான். அவன் சொன்னதைக் கேட்டுக்கொண்டு தலையாட்டினாயே கிறுக்கா, உனக்காவது தோன்றியிருக்க வேண்டாமா? நடுவில் ஒரு வெற்றிலை போடுகிற நேரம் விட்டிருந்தால் போதுமே. ஆனால் உன்னைச் சொல்லி என்ன. மருமகன் கேட்டான் என்றால் உனக்கு எப்போது மூளை வேலை செய்திருக்கிறது?

நீ ஏன் சொல்லவில்லை என்பதும் எனக்குத் தெரியும். முற்றத்தில் எல்லோர் முன்னாலும் நான் கத்தினபோது, ‘உன் மகன்தான் சுடச் சொன்னான்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ தப்பித்திருப்பாய். தந்தி வந்த அன்றைக்கு வாசலில் நின்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று உனக்குத் தெரியும். தன் சாவைத் தானே கேட்டு வாங்கினான் என்று என் பிள்ளையைச் சபித்திருப்பேன். சாகும்வரை அவனை மன்னித்திருக்க மாட்டேன். அந்தத் திட்டை அவன் மேல் விழவிடாமல் நீ வாங்கிக்கொண்டாய். விரல் நழுவிவிட்டது என்று எழுதினாய், பொய்யன். உன் விரல் எப்போது நழுவியது? குரங்கைச் சுட்டால் குறி தவறும், அவ்வளவுதான்.

இப்போது நான் சொல்வதைக் கேள். அன்றைக்கு நீ சுட்டதில் ஒன்று நெல்லுக்கு. மீதி ஒன்றுதான் அவனுக்கு. ஒற்றை வெடி, அவன் பிறந்தபோது போட்ட மாதிரி. அது சாவு வெடி இல்லை. அப்படியென்றால் அவனுக்கு உரியதை இன்னும் யாரும் போடவில்லை. ஒரு மாதமாக என் பிள்ளை வெடி இல்லாமல் நிற்கிறான். நான்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸுக்கு வா. மர லாரி கதை எல்லாம் வேண்டாம். வாசல் வழியாகவே வா. துப்பாக்கியை நெல் பெட்டியிலிருந்து எடுத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். தோட்டா நனையாமல் அடுப்புக்கு மேல் இருக்கிறது. முத்தவ்வாவிடம் நேற்றே போய்ச் சொல்லிவிட்டேன். “இந்தத் தடவை வாய்விட்டு அழு” என்றேன்.

ஒன்றை நீ சுடு. இரட்டைக் குழலில் மற்றதை நான் சுடுகிறேன். எனக்குச் சுடத் தெரியும், அப்பா உனக்குச் சொல்லிக் கொடுத்தபோது பக்கத்தில் நின்றவள்தான்.

நடுவில் நேரம் விடாதே. இது அடுத்தடுத்துத்தான் கேட்க வேண்டும்.

உன் அக்கய்யா